கொல்லைத் தோட்டத்தில் பூனைத் தொல்லை: கொல்லாமல் தடுக்கும் வழிகள்

கோவில்பட்டி வட்டாரக் கரிசல் காட்டில் மானாவாரிப் பயிரை நம்பி வாழும் குடும்பங்களுக்கு, வீட்டுக் கொல்லையில் உள்ள இரண்டு மூன்று சென்ட் தோட்டம் பெரும் துணையாகும். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் பாயும் அந்தச் சிறிய இடத்தில் தண்டுக்கீரை, அரைக்கீரை, கத்தரி, வெண்டை, கொத்தவரை, அவரை, பீர்க்கு ஆகியவற்றைப் பயிரிட்டால் அன்றாடக் குழம்புக்கும் கூட்டுக்கும் சந்தையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இத்தோட்டம் போடும் தாய்மார்கள் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. விதைத்த இரண்டாம் நாளே அக்கம்பக்கத்துப் பூனை வந்து பாத்தியைக் கிளறி விடுகிறது. விதை சிதறுகிறது, முளை வேரோடு பெயர்கிறது. போதாக்குறைக்குக் கழிவையும் விட்டுச் செல்கிறது. மறுபடி விதைத்தாலும் இதே கதைதான். பொறுமை இழந்த சிலர் கருவாட்டில் மருந்தைக் கலந்து வைத்து விடுகின்றனர். இதனால் பக்கத்து வீட்டாரோடு தீராத பகையும் வந்து சேருகிறது.

நஞ்சு வைப்பது தேவையற்றது, ஆபத்தானதும் ஆகும். பூனை எதைத் தேடி நம் பாத்திக்கு வருகிறது என்பதைத் தெரிந்து கொண்டால், காட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அதிகச் செலவின்றித் தடுத்து விடலாம்.

பாத்தியைத் தேடி வருவது ஏன்?

பூனை தன் கழிவை மண்ணில் குழி தோண்டி மூடி வைக்கும் இயல்புடையது. இதற்கு அது எப்போதும் காய்ந்த, பொலபொலப்பான மண்ணையே தேர்ந்தெடுக்கும்.

நமது கரிசல் மண் களித்தன்மை மிகுந்தது. மழையில் நனைந்தால் உப்பிக் காலில் அப்பும். கோடையில் காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடித்து இறுகி விடும். இந்த இரண்டு நிலையிலும் பூனையால் எளிதாகத் தோண்ட முடியாது. ஊர் முழுவதும் மண் இறுகிக் கிடக்கும் காலத்தில், மண்வெட்டியால் கொத்தி, மணலும் ஆட்டுச் சாணமும் கலந்து, பரம்பிட்டதுபோல் சமன் செய்து வைத்திருக்கும் இடம் நமது விதைப் பாத்தி ஒன்றே. மேலும், பாய்ச்சிய கரிசல் மேலாகக் காயும்போது சிறு சிறு குருணையாக உதிரும். பூனைக்கு வேண்டியது அதுவே. ஆக, பாத்தியில் உள்ள விதையோ கீரையோ அதற்குப் பொருட்டன்று. இளகிய மண்ணைத்தான் அது நாடி வருகிறது.

இதனால்தான் ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் நசநசவென்று இருக்கும் காலத்தில் தொல்லை குறைகிறது. தைப் பட்டத்திலும் ஆடிப் பட்டத்திலும் கூடுகிறது. வீடு கட்டக் கொட்டிய மணல் குவியலில் ஊர்ப் பூனைகள் கூடுவதும் இதே காரணத்தால்தான்.

நாமே கொடுக்கும் அழைப்பு

இளகிய மண்ணைத் தவிர, வேறு சில பொருள்களும் பூனையைத் தோட்டத்திற்கு இழுக்கின்றன. அவற்றை முதலில் நீக்குதல் வேண்டும்.

முதலாவது குப்பைமேனி. இச்செடிக்குப் பூனைவணங்கி என்ற பெயரும் உண்டு. இதை வேரோடு பிடுங்கிப் போட்டால், வேரின் வாசனைக்குப் பூனைகள் தேடி வந்து முகர்ந்து, அதன் மீது புரளும். மேல்நாட்டார் பூனைப் புதினா என்று கூறும் செடியில் உள்ளதைப் போன்ற வாசனைப் பொருள்கள் இதன் வேரிலும் இருப்பதே காரணம். களை எடுக்கும்போது பிடுங்கிய குப்பைமேனியைப் பாத்தி ஓரத்திலேயே போட்டு விடுவது நம்மிடையே வழக்கம். அது பூனைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்கு ஒப்பாகும். பிடுங்கிய செடியை உடனே கூடையில் சேர்த்துத் தோட்டத்திற்கு வெளியே கொண்டு போய்விட வேண்டும்.

இரண்டாவது மீன் கழிவு. மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதும், செதிலையும் தலையையும் வேரடியில் புதைப்பதும் பூனையைத் தோண்டச் சொல்வதாகும். மீன் அமிலம் தயாரிப்போர் பாத்திரத்தை இறுக மூடித் தோட்டத்திற்கு எட்ட வைக்க வேண்டும். நன்றாக நொதித்த பின்னர் நீரில் கலந்து தெளித்தால் போதுமானது.

மூன்றாவது எலி. விதைத் தானியமும் கடலைக் காயும் சாக்கில் திறந்து கிடந்தால் எலி வரும். எலி வந்தால் பூனை வரும். விதையைத் தகரக் குதிரிலோ மூடியுள்ள டிரம்மிலோ வைத்தால் இரண்டும் குறையும்.

மூடாக்கே முதல் மருந்து

பூனை நாடுவது இளகிய மண் என்றால், அந்த மண்ணை அதன் காலுக்கு எட்டாமல் மூடி வைப்பதே முதல் பரிகாரம். மானாவாரி நிலத்தில் ஈரம் காக்க மூடாக்குப் போடுகிறோம். இந்த வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் அளவுதான். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்து ஓய்ந்து விடும். ஆகவே ஈரம் காப்பது இங்கே உயிர் காப்பதற்குச் சமம். 1901ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மானாவாரிக் கரிசலுக்கு உரிய முறைகளையே நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. காட்டில் ஈரத்தைக் காக்கும் அதே மூடாக்கு, கொல்லையில் பூனையையும் தடுக்கும்.

ஆனால் மூடாக்கு முரடாக இருக்க வேண்டும். கடலைத் தோடு, உமி, மரத்தூள் போன்ற மென்மையான பொருள்களைப் பரப்பினால் பூனைக்கு மெத்தை விரித்ததாகி விடும். பருத்தி மார், துவரை மார், சோளத் தட்டை, கம்பந்தட்டை ஆகியவை ஏற்றவை.

விதைத்து நீர் தெளித்தவுடன், பருத்தி மாரைப் பாத்தியின் நீளவாக்கில் அரைச் சாண் இடைவெளியில் வரிசையாகக் கிடத்த வேண்டும். அதன் மேல் குறுக்குவாக்கிலும் அதே இடைவெளியில் கிடத்த வேண்டும். கட்டங்கட்டமாக அமையும் இந்தச் சட்டத்தின் மீது பூனையால் குந்தி உட்காரவோ, திரும்பித் தோண்டவோ முடியாது. ஒருமுறை இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிக் கொள்ளும். முளைகள் கட்டங்களின் ஊடே தடையின்றி மேலே வரும்.

கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று நட்ட பாத்தியில், ஒரு முழ நீளத்தில் ஒடித்த மார்க் குச்சிகளை நாற்றுகளுக்கு இடையே அரைச் சாணுக்கு ஒன்றாக நட்டு வைக்கலாம். குச்சியின் மேல்முனை கூர்மையாக இல்லாமல் மழுங்கி இருத்தல் வேண்டும். குனிந்து களை எடுப்போரின் கண்ணைக் காப்பதற்கே இந்த எச்சரிக்கை.

இங்கு இரண்டு குறிப்புகளை மனதில் கொள்ள வேண்டும். பருத்தி மாரில் வெடிக்காத காய்கள் ஒட்டியிருந்தால் அவற்றில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கியிருக்கலாம். அக்காய்களைப் பறித்து எரித்த பின்னரே மாரைப் பயன்படுத்த வேண்டும். சீமைக்கருவேல் முள்ளை மூடாக்காகப் போடுதல் கூடாது. அது பூனையின் காலை மட்டுமன்றி, வெறுங்காலோடு நடமாடும் நம் வீட்டாரின் காலையும் பதம் பார்த்து விடும்.

கையில் சிறிது பணம் உள்ளோர் ஒரு அங்குலக் கண்ணுள்ள கோழி வலையைப் பாத்தியின் மீது தட்டையாக விரித்து, ஓரங்களை மண்ணுக்குள் மடித்து, வளைத்த கம்பியால் குத்தி வைக்கலாம். வலையைச் சுருட்டி வைத்துப் பல பட்டங்களுக்குப் பயன்படுத்தலாம்.

பூனைக்கென ஒரு மூலை

ஓரிடத்தில் தடுத்தால் மட்டும் போதாது. வேறோர் இடத்தைக் காட்டவும் வேண்டும். தோட்டத்திற்கு வெளியே, கிணற்றுக்கும் அடிகுழாய்க்கும் எட்ட, வேம்பு நிழல் போன்ற ஒதுக்குப்புறத்தில் மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி எடுத்து, காய்ந்த மணலால் நிரப்ப வேண்டும். மழை நீர் புகாதபடி சுற்றிலும் சிறு வரப்பு இடலாம். தோட்டத்தில் பிடுங்கிய குப்பைமேனியை இம்மூலையில் போட்டு வைத்தால் பூனை தானே இடத்தைக் கண்டு கொள்ளும். பாத்தியில் வேண்டாத குப்பைமேனி இங்கே பயன்படுகிறது.

இம்மூலையில் சேரும் கழிவை நாள்தோறும் ஒரு முறை கரண்டியால் அள்ளி, தோட்டத்திற்குத் தொலைவில் ஆழமாகப் புதைத்து விட வேண்டும். துப்புரவாக இல்லாத மணலைப் பூனை விரும்பாது; மீண்டும் பாத்திக்கே வந்து விடும். பக்கத்து வீட்டுப் பூனை என்றால், வளர்ப்போரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி அவர்கள் கொல்லையிலேயே இத்தகைய மூலையை அமைக்கச் செய்யலாம். ஒரு கூடை மணலை நாமே கொடுத்தாலும் தகும். ஊர்ச் சண்டையை விட மணல் மலிவு.

பூனை ஏற்கனவே பழகிய இடத்தில் அதன் வாசனை நிற்கும். அவ்விடத்து மண்ணை நான்கு விரற்கடை ஆழத்திற்கு வெட்டி எடுத்துவிட்டுப் புது மண் இட்ட பின்னரே விதைக்க வேண்டும்.

வேலியும் வலையும்

சாதாரண வேலி பூனைக்குத் தடையன்று. ஐந்தடிச் சுவரையும் அது தாவி ஏறிவிடும். வலை வேலி அமைப்போர் ஆறடி உயரம் அமைத்து, அதில் மேல் ஒன்றரை அடியை மட்டும் வெளிப்புறமாகச் சாய்த்து, விறைப்பின்றித் தொங்க விட வேண்டும். காலை ஊன்ற முடியாமல் ஆடும் வலையின் மீது ஏறப் பூனை தயங்கும்.

தூத்துக்குடிக் கடற்கரையில் கிடைக்கும் பழைய மீன் வலையை மயிலைத் தடுப்பதற்காகப் பலர் வாங்கிக் கட்டுகின்றனர். இதைத் தரையில் தளர்வாகக் கிடக்க விடுதல் கூடாது. எலியைத் தின்று நமக்கு நன்மை செய்யும் சாரைப்பாம்பும், ஓணானும், பறவையும் சிக்கி மடியும். கீழ்ப்பகுதியை இழுத்து முளை அடித்து விறைப்பாகக் கட்ட வேண்டும்.

வாசனைப் பொருள்கள்: உதவுபவையும் கெடுப்பவையும்

எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சுத் தோலின் வாசனை பூனைக்குப் பிடிக்காது. தோலை நறுக்கிப் பாத்தி ஓரங்களில் போட்டு வைக்கலாம். இதன் வீரியம் இரண்டு மூன்று நாளே இருக்கும். ஆகவே இதனை மூடாக்குக்குத் துணையாகக் கொள்ளலாமே தவிர, இதை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

கீழ்க்கண்டவற்றை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது.

மிளகாய்த் தூள்: பூனையின் காலில் ஒட்டி, அது நக்கும்போது வாயிலும் கண்ணிலும் பட்டு வேதனை தரும். தண்ணீர் தெளித்தவுடன் பலனும் போய்விடும்.

அந்துருண்டை: இதில் உள்ள நாப்தலீன் பூனைக்கு மட்டுமன்றிக் குழந்தைகளுக்கும் நஞ்சாகும். மிட்டாய் என்று எடுத்து வாயில் போட்டுக் கொள்ளும் அபாயம் உண்டு.

பினாயில்: இவ்வகை மருந்துகளை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் பட்டதை நக்கினாலே உயிருக்கு ஆபத்து நேரலாம். பயிரின் வேரும் கருகும்.

மண்ணெண்ணெய், கழிவு எண்ணெய்: பூனையின் தோலைப் புண்ணாக்குவதோடு, மண்ணையும் கெடுத்து விடும்.

மேல்நாடுகளில், நடமாட்டத்தை உணர்ந்து தண்ணீரைப் பீய்ச்சும் கருவியும், மனிதர் காதுக்குக் கேட்காத மிகைஒலி எழுப்பும் கருவியும் விற்கப்படுகின்றன. குடத்துத் தண்ணீரைக் கணக்கிட்டுச் செலவு செய்யும் நமக்கு முதலாவது பொருந்தாது. இரண்டாவதைப் பற்றி 2006இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், பூனைகளின் வருகை ஓரளவு குறைந்ததே தவிர நின்று விடவில்லை. சிறு விவசாயிக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை.

நஞ்சு வைக்கலாகாது, சாக்கில் கட்டி விடுவதும் தீர்வாகாது

கருவாட்டில் குருணை மருந்து வைக்கும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டும். குருணை மருந்தாகப் பயன்பட்டு வந்த போரேட், 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. வீட்டில் பழைய இருப்பு கிடந்தால் வேளாண்மை அலுவலரிடம் தெரிவித்து அப்புறப்படுத்த வழி கேட்க வேண்டும். நஞ்சு வைத்த இரை பூனைக்கு மட்டும் என்று காத்திருக்காது. நாய், கோழி, காகம், மயில் எதுவும் தின்னலாம். விளையாடும் குழந்தையின் கைக்கும் எட்டலாம். மயில், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட பறவை. பிராணிகளைத் துன்புறுத்துவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமாகும். பிறர் வளர்க்கும் பிராணிக்கு நஞ்சிட்டுக் கொன்றால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு.

சட்டம் ஒருபுறம் இருக்க, நமது நன்மையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதனுக்கு அருகிலேயே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புகளைக் கண்டுபிடித்து 2004இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். மனிதன் தானியத்தைச் சேமித்தான், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. அன்று தொடங்கிய உறவு இது. மாசியில் களத்திலிருந்து வரும் உளுந்தும் பாசியும் சோளமும் புரட்டாசி விதைப்பு வரை நம் வீட்டில்தான் இருக்கின்றன. அந்த ஏழு மாதமும் விதையைக் காப்பதில் பூனைக்கும் பங்குண்டு. வளர்ந்த பெருச்சாளியைப் பூனை அவ்வளவாக நெருங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சுண்டெலியையும் எலிக் குஞ்சுகளையும் அது பிடித்துத் தின்னும். கொல்லையில் சில கீரை விதைகள் போனால் மறுபடி விதைக்கலாம். விதைப்பு நேரத்தில் விதைச் சாக்கை எலி கொறித்திருந்தால் ஓர் ஆண்டுப் பாடே போய்விடும்.

எலிக்கு நஞ்சு வைப்போரும் கவனிக்க வேண்டும். நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனையும் பாதிக்கப்படும். செத்த எலிகளைக் காலையில் தேடி எடுத்துப் புதைத்து விட வேண்டும்.

பூனையைச் சாக்கில் கட்டி அடுத்த ஊரில் விட்டு வருவதும் பயன் தராது. சில பூனைகள் திரும்பி வந்து விடும். சில பழகாத இடத்தில் பட்டினி கிடந்து சாகும். அது இருந்த இடத்திற்கு வேறொரு பூனை வரும். படப்பின் அடியில் குட்டிகள் இருந்தால் அவையும் தாயின்றி மடியும்.

உடல்நலக் குறிப்புகள்

சில பூனைகளின் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரின் முட்டைகள் இருக்கலாம். கழிவு வெளிப்பட்ட ஒன்று முதல் ஐந்து நாட்களில் இவை நோய் பரப்பும் தன்மையை அடையும். ஈர மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மணல் மூலையை நாள்தோறும் துப்புரவு செய்யச் சொன்னது இதற்காகவே. கர்ப்ப காலத்தில் முதன்முறையாக இந்நோய் தொற்றினால் வயிற்றில் உள்ள குழந்தைக்குக் கேடு நேரலாம். சினை ஆடுகளில் கருச்சிதைவும் உண்டாகலாம். ஆகவே,

கர்ப்பிணிகள் பூனைக் கழிவை அள்ளுதல் கூடாது. தோட்ட வேலை செய்தால் கையுறை அணிந்து, பின்னர் சோப்பால் கை கழுவ வேண்டும்.

கீரை, கொத்தமல்லி, வெள்ளரி ஆகியவற்றை நல்ல நீரில் பலமுறை அலசிய பின்னரே பயன்படுத்த வேண்டும். நன்றாக வேகவைத்த கீரையில் அச்சமில்லை.

ஆட்டுத் தீவனத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பூனை அசுத்தம் செய்யாதபடி மூடி வைக்க வேண்டும்.

பூனைக் கழிவை எருக்குழியில் சேர்த்தல் கூடாது. ஆட்டுச் சாணத்தைப்போல் இதனை எருவாகக் கருதலாகாது.

பூனையின் கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலில் புகுந்து அரிப்பு உண்டாக்கலாம். பாத்தியில் இறங்கும்போது செருப்பு அணிவது நல்லது.

பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் வெறிநோய் அபாயம் உண்டு. காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

பெருக்கத்தைக் கட்டுப்படுத்துதல்

பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைக்கு வந்து விடும். சினைக் காலம் சுமார் ஒன்பது வாரம். ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும் ஈனலாம். தெருவில் இரண்டு பூனை இருந்தது எப்படி இருபதானது என்று வியப்பதற்கு இடமில்லை. வளர்ப்புப் பூனைக்குக் கருத்தடை அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து கொள்வது நல்லது. இதனால் கடுவன்கள் ஆங்காங்கே சிறுநீர் பீய்ச்சுவதும், இரவில் சண்டையிடுவதும் குறையும். இது குறித்துக் கால்நடை மருத்துவரை அணுகலாம். ஒரு தெருவார் சேர்ந்து செய்தால் பலன் விரைவில் தெரியும்.

25 நாள் காவல்

கீரைப் பாத்திக்கு ஆபத்து விதைப்பிலிருந்து இலை மண்ணை மூடும் வரையில்தான். ஏறத்தாழ 25 நாள் காத்து விட்டால் பிறகு தொல்லை இல்லை. இதற்கான வேலைத் திட்டம் வருமாறு:

விதைப்புக்கு ஒரு வாரம் முன்: குப்பைமேனியை அகற்றவும். அசுத்தமான மண்ணை வெட்டி எடுக்கவும். மணல் மூலையை அமைத்துப் பூனையைப் பழக விடவும்.

விதைத்த நாள்: நீர் தெளித்தவுடன், அன்று மாலைக்குள் பருத்தி மார் மூடாக்கு இடவும். மறுநாள் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டால் இரவிலேயே பூனை வந்து விடும்.

2 முதல் 10ஆம் நாள் வரை: காலையில் பூவாளியால் நீர் தெளித்து மேல்மண் ஈரம் காயாமல் பார்த்துக் கொள்ளவும். விலகிய குச்சிகளைச் சரி செய்யவும். எலுமிச்சைத் தோலை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றவும்.

11 முதல் 20ஆம் நாள் வரை: முளை வராத வெற்றிடங்களில் மட்டும் கூடுதல் குச்சிகள் வைக்கவும்.

21 முதல் 25ஆம் நாள் வரை: கீரை அடர்ந்து மண்ணை மூடியதும் மாரை மெதுவாக எடுத்து, வெயிலில் உலர்த்தி அடுத்த பாத்திக்கு வைத்துக் கொள்ளவும். அறுவடை முடிந்த பாத்தியை வெறுமையாக விடாமல் உடனே மூடி வைக்கவும்.

பருத்தி மார் நம் காட்டிலேயே கிடக்கிறது. மணல் ஒரு கூடை, உழைப்பு ஒரு மாலை நேரம். இவ்வளவு செய்தால் பாத்தியில் கீரை நிற்கும், வீட்டில் விதை நிற்கும், பக்கத்து வீட்டு உறவும் நிற்கும். வரும் பட்டத்தில் ஒரு பாத்தியிலாவது இம்முறையைச் செய்து பார்த்துப் பயனடையுமாறு விவசாயப் பெருமக்களையும் தாய்மார்களையும் கேட்டுக் கொள்கிறோம்.